போய் வருகிறோம்

வீட்டுக்கு வந்தவர் விடைபெறும்போது "போகிறேன்" என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பொறுக்காது. "போகிறேன் என்று சொல்லாதே, போய்விட்டு வருகிறேன் என்று சொல்" என்று உடனே திருத்துவார்கள். மில்பிடாஸில் பிறந்து வளரும் நம் குழந்தைகள் தமிழில் வேறு எங்கே தடுமாறினாலும் "போயிட்டு வரேன்" என்பதை மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை ஒரு மங்கலச் சொல், நல்ல பழக்கம் என்ற அளவில்தான் நாங்கள் எண்ணியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் மூன்று குடும்பங்களாகக் கூடாரம் போட்டுத் தங்கிச் சென்ற ஒரு கோடைப் பயணத்தின் கடைசி இரண்டு நாட்களில், அந்தச் சொல்லுக்குள் ஓர் அறக்கேள்வி இருப்பது எங்களுக்குப் புரிந்தது. அதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

கேள்வி இதுதான்: இனித் திரும்பி வரப் போவதில்லை என்று தெரிந்த இடத்துக்கு நாம் செய்யவேண்டிய கடமை என்ன?

எங்கள் பயணம் ஒன்பது நாள். 101ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே சென்று செம்மரக் காடுகள், பிறகு ஆரகன் மாநிலத்தின் கிரேட்டர் ஏரி, அங்கிருந்து தெற்கே இறங்கி லாஸன் எரிமலை, 395ஆம் சாலை வழியாக மோனோ ஏரி, கடைசியாக 9,900 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் டயோகா கணவாயைக் கடந்து யோஸமிட்டி. மூன்று கூடாரங்கள், இரண்டு வேன்கள், ஒரு பிரஷர் குக்கர், பதினொரு பேர். எங்களுள் ஒருவரின் தந்தையாரும் உடன் வந்திருந்தார். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆறு மாதம் தங்கிப் போக வந்தவர், வயது எழுபத்தெட்டு. பெரியவர்களாகிய எங்களுக்கு அவர் மாமா, பிள்ளைகளுக்கெல்லாம் தாத்தா.

முதல் நாட்களில் எங்கள் ஒழுங்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தண்ணீரை அளந்து செலவு செய்தோம். பாத்திரம் கழுவிய நீரை உரிய இடத்தில்தான் கொட்டினோம். செம்மரக் காட்டு முகாமில் பூங்கா ஊழியர் ஒருவர் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு பாடம் சொன்னார். அந்த மரங்களின் உயர்ந்த கிளைகளில் மார்பிள்ட் மர்லெட் என்னும் சிறிய கடற்பறவை ஒரே ஒரு முட்டை இடுகிறது. முகாமில் நாம் சிந்தும் ரொட்டித் துணுக்குக்கும் சோற்றுப் பருக்கைக்கும் நீலநிற ஜே பறவைகளும் அண்டங்காக்கைகளும் கூடுகின்றன. கூடிய பறவைகள் பிறகு அந்த முட்டையையும் தேடித் தின்றுவிடுகின்றன. ஏற்கெனவே அருகிவிட்ட இனம் இன்னும் அருகுகிறது. ஆகவே ஒரு துணுக்குக்கூட விட்டுச் செல்லாதீர்கள் என்றார். பிள்ளைகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்ததும் மேஜைக்கு அடியில் தவழ்ந்து துணுக்குப் பொறுக்கினார்கள். நாங்களும் பெருமைப்பட்டோம்.

ஆனால் எட்டாம் நாள் வந்ததும் எங்கள் மனம் மாறிவிட்டது. யாரும் முடிவெடுத்து மாறவில்லை, தானாக மாறியது. "நாளைக்குத்தான் கிளம்பப் போகிறோமே" என்ற ஒரு வாக்கியம் எல்லார் வாயிலும் வந்தது. நாளைக்குத்தான் கிளம்பப் போகிறோமே, தண்ணீரை ஏன் மிச்சம் பிடிக்கவேண்டும்? விறகு ஏன் மீதி இருக்கவேண்டும், எல்லாவற்றையும் போட்டு எரித்துவிடலாமே? பாத்திரத்தை ஏன் தேய்க்கவேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே? உடல் யோஸமிட்டியில் இருந்தது. மனம் திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் வாசலில் குவிந்திருக்கும் தபாலுக்கும் போய்விட்டது.

அன்றிரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, கலிபோர்னியாவுக்கு வருமுன் லண்டனில் வேலை பார்த்த நண்பர் ஒரு செய்தி சொன்னார். அவரும் அவர் மனைவியும் ஒரு கோடையில் காரும் கூடாரமுமாகப் பிரிட்டன் முழுவதும் சுற்றியவர்கள். அந்தப் பயணத்தின் இறுதி நாட்களில் ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். கரையில் ஒரு கூடாரம் தனியாக நின்றது. உள்ளே ஆள் இருப்பார்கள் என்று எண்ணிக் குரல் கொடுத்தார்கள், பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் நனைந்த போர்வை, காலிப் புட்டிகள், பாதி தின்ற உணவு. யாரோ தங்கள் கடைசி நாளில், மடித்து எடுத்துப்போகச் சோம்பல்பட்டு, வீட்டையே விட்டுவிட்டுப் போவதுபோல எல்லாவற்றையும் விட்டுப் போயிருக்கிறார்கள்.

இதன் பின்கதை சிந்திக்கத்தக்கது. ஸ்காட்லாந்தில் 2003இல் இயற்றப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம், திறந்த நிலப்பரப்பில் பொறுப்போடு நடக்கவும் கூடாரம் போட்டுத் தங்கவும் எல்லாருக்கும் உரிமை தந்தது. பிறருடைய நிலத்திலும் தங்கலாம், தடயம் விடாமல் போகவேண்டும் என்பதுதான் அந்த உரிமைக்குப் பின்னால் உள்ள நம்பிக்கை. ஆனால் லோமண்ட் ஏரியைச் சுற்றி வெட்டிய மரங்களும் கைவிட்ட கூடாரங்களும் குப்பையும் பெருகின. 2017 மார்ச் முதல் அந்தத் தேசியப் பூங்காவின் ஏரிக்கரைகள் பலவற்றில் மார்ச் தொடங்கி செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு இல்லாமல் கூடாரம் போடக்கூடாது என்ற விதி வந்தது. ஏரியை நேசித்து, வந்த சுவடு தெரியாமல் போனவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த விதி. முன்னால் போனவர்களின் கடைசி நாள், பின்னால் வந்தவர்களின் உரிமையைக் குறைத்துவிட்டது.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே நில உரிமையாளரின் அனுமதியின்றிக் கூடாரம் போடுவதற்குப் பொதுவாக உரிமை இல்லை. டார்ட்மூர் மேய்ச்சல் வெளி மட்டும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்கையும் எதிர்த்து நில உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2025 மே மாதத்தில்தான் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், பொதுமக்களுக்கு அங்கே இரவு தங்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் காப்பாற்றித் தந்த உரிமையை இனிமேல் காப்பாற்ற வேண்டியது, ஒவ்வொரு நாள் காலையிலும் அங்கே கூடாரத்தை மடிப்பவர்கள்தான்.

நண்பர் சொன்னதைக் கேட்டு நாங்கள் எல்லாரும் தலையை ஆட்டினோம். "எப்படித்தான் மனசு வருகிறதோ" என்றோம். மறுநாள் காலையிலேயே எங்கள் முறை வந்தது.

பகல் 12 மணிக்குள் இடத்தைக் காலி செய்யவேண்டும். ஒருபக்கம் கூடாரம் மடிக்கிறோம், ஒருபக்கம் பிள்ளைகளைத் தேடுகிறோம். முதல்நாள் இரவு செய்த தயிர்சாதம் ஒரு பெரிய பாத்திரம் நிறைய மீந்திருந்தது. குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டி தீர்ந்துவிட்டதால் புளித்தும் போயிருந்தது. தாத்தா அதை எடுத்துக்கொண்டு போய், கூடாரத்துக்குப் பின்னால் ஒரு பாறையைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, சோற்றைப் பரப்பி வைத்துவிட்டு வந்தார். ஊரில் அன்றாடம் காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டே பழகியவர். அன்னத்தைக் குப்பைத் தொட்டியில் கொட்டுவது அவருக்குப் பாவம். சொல்லப்போனால் எங்களுக்கும் அது பாவமாகத்தான் தோன்றியது. பார்த்தும் பாராததுபோல இருந்துவிட்டோம். ஒரு பாத்திரம் காலியானால் நல்லதுதானே!

எங்கள் பெண்களில் ஒருத்தி, பன்னிரண்டு வயது, பாறையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"தாத்தா, இங்கே வைக்கக் கூடாது. இதைக் கரடி சாப்பிட்டா, அப்புறம் ஆளுங்க இருக்கிற இடத்துக்கே வந்துகிட்டு இருக்கும். கடைசில அதைக் கொன்னுடுவாங்க."

"கரடிக்கு எங்கேம்மா வச்சேன்? காக்கா குருவிக்கு வச்சேன்."

"காக்காவுக்கும் வைக்கக் கூடாது தாத்தா. அன்னைக்கு அந்த முட்டை பத்திச் சொன்னாங்களே."

எங்களுள் ஒருவர் குறுக்கிட்டு, "விடும்மா, பெரியவர் ஆசைக்கு வச்சிருக்கார். நாம இப்ப கிளம்பிடுவோம்" என்றார். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. நாம் கிளம்பிவிடுவோம் என்பதே எங்கள் நியாயமாக இருந்தது. சோறு இருக்கும், கரடி வரும், அடுத்த குடும்பம் வரும். நாங்கள் இருக்கமாட்டோம்.

குழந்தை சொன்னதில் மிகை எதுவும் இல்லை. யோஸமிட்டியில் 1998ஆம் ஆண்டில் மட்டும் 1,300க்கும் மேற்பட்ட கார்களைக் கரடிகள் உணவுக்காக உடைத்துத் திறந்தன. அதன் பிறகுதான் முகாம்களில் இரும்புப் பெட்டிகளும் கண்டிப்பான விதிகளும் பரவலாகி, அந்த எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. உணவு மட்டுமல்ல, வாசனை உள்ள எதுவும் பெட்டிக்குள் போகவேண்டும். எங்கள் ஊறுகாய் பாட்டிலோடு தாத்தாவின் சந்தனவில்லையும் ஊதுவத்தியும் ஒன்பது நாளும் அந்தப் பெட்டிகளில்தான் குடியிருந்தன. மனிதர் உணவை ஒருமுறை ருசித்த கரடி மறுபடி தேடி வருகிறது, துணிச்சல் பெறுகிறது, ஆபத்தானது என்று கருதப்பட்டுக் கடைசியில் கொல்லப்படுகிறது. உணவு வைத்தவர் தண்டனை பெறுவது அரிது. தின்ற விலங்குக்குத்தான் தண்டனை.

தாத்தா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போய், கீழே உட்கார்ந்து சோற்றை அள்ளத் தொடங்கினார். எழுபத்தெட்டு வயதுக்காரர் குனிந்து பருக்கை பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டு எங்களால் நிற்க முடியுமா? எல்லாரும் உட்கார்ந்தோம். தயிர்சாதத்தைக் கரடுமுரடான பாறையிலிருந்து எடுப்பது எவ்வளவு வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாறை இடுக்கில் குச்சி விட்டு எடுத்தோம், பிறகு ஈரத்துணியால் துடைத்தோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அள்ளியதையெல்லாம் கட்டி, கரடி திறக்கமுடியாத குப்பைத்தொட்டியில் போட்டோம்.

வேலை முடிந்ததும் தாத்தா சொன்னார்: "நம்ம ஊர்க் காக்காவை எனக்குத் தெரியும். இங்கே இருக்கிறது எதையும் எனக்குத் தெரியாது. தெரியாதவனுக்குத் தானம் பண்ணணும்னா அவனுக்கு எது ஒத்துக்கும்னு கேட்டுக்கணும். நான் கேக்கலை. மிஞ்சினதைக் கழிச்சேன், அவ்வளவுதான்."

இந்தச் சிறு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கும்போது மகாபாரதத்தின் பதினேழாவது பர்வமான மகாபிரஸ்தானிக பர்வம் நம் நினைவுக்கு வருகிறது. பாண்டவர்களின் இறுதிப் பயணம் அது. தருமர் பரீட்சித்துக்கு முடிசூட்டி, அரசைப் பார்த்துக்கொள்ள யுயுத்சுவை அமர்த்தி, செய்யவேண்டியவற்றை முடித்துவிட்டே கிளம்புகிறார். வழியில் திரௌபதி, சகதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என ஒவ்வொருவராக விழுகிறார்கள். ஒரு நாய் மட்டும் தொடர்ந்து வருகிறது. இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். எல்லாம் முடிந்துவிட்டது. போர் இல்லை, அரசு இல்லை, பார்ப்பதற்கு ஊரார் இல்லை. நாயினால் ஆகப்போகும் பயனும் ஒன்றும் இல்லை. இருந்தும் தருமர், அடைக்கலமாக வந்ததை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறார். நாயாக வந்தது தருமதேவதையே என்பது நாம் அனைவரும் அறிந்த கதை.

அந்தச் சோதனை ஏன் பயணத்தின் கடைசியில் வைக்கப்பட்டது? நடுவில் வைத்திருந்தால் அது முழுச் சோதனை ஆகியிருக்காது என்பதே எங்கள் எண்ணம். இடையில் நாம் செய்யும் நன்மைகளில் கொஞ்சம் வியாபாரமும் கலந்திருக்கிறது. பக்கத்துக் கூடாரக்காரரிடம் நல்லபடியாக நடந்துகொள்கிறோம், நாளைக்கு அவரிடம் தீப்பெட்டி கேட்க வேண்டியிருக்கும். கடைக்காரர் சரியாக எடை போடுகிறார், நாம் மறுபடி வரவேண்டும். இதில் தவறில்லை. உலகம் பெரும்பாலும் இப்படித்தான் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் கடைசி நாளில் அந்தக் கணக்கு மூடப்படுகிறது. இனி இந்த இடத்திலிருந்து நமக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை, இந்த இடம் நம்மைத் தேடி வந்து கேட்கப் போவதும் இல்லை. வியாபாரம் போனபின் மிஞ்சுவது எதுவோ அதுதான் நம் தருமம். சிலருக்கு நிறைய மிஞ்சும். அன்று காலை எங்களுக்கு மிஞ்சியது மிகக் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் பார்ப்போம். முதலாவது, "ஒரு பிடி சோற்றால் என்ன ஆகிவிடும்?" என்பது. இதற்கான பதில் வீடு திரும்பும் வழியிலேயே எங்களுக்குக் கிடைத்தது. 120ஆம் சாலையில் மேற்கே இறங்கும்போது, பூங்கா வாசலுக்கும் குரோவ்லண்ட் ஊருக்கும் இடையில் மலைச்சரிவுகளில் கருகிய மரங்கள் நிற்கின்றன. 2013 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிய ரிம் தீயின் வடு அது. சட்டத்துக்குப் புறம்பாக மூட்டப்பட்ட ஒரு நெருப்பு கைமீறிப் போனதே காரணம் என்று வனத்துறை அறிவித்தது. 2,57,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. தீ ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத்தை நெருங்கியபோது, அங்கிருந்து வெகுதொலைவில் இருக்கும் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்காக ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். அந்த நகரத்தின் குடிநீரும் மின்சாரமும் அந்த மலையை நம்பி இருக்கின்றன.

சான்பிரான்சிஸ்கோ மட்டுமா? நம் மில்பிடாஸின் ஒரு பகுதிக்கும் அதே ஹெட்ச் ஹெட்சி நீர்தான் குழாய் வழியே வருகிறது. ஜான் மியூர் போன்றவர்கள் அந்தப் பள்ளத்தாக்கை அணைகட்டி மூழ்கடிக்கக் கூடாது என்று போராடித் தோற்றார்கள். 1913இல் அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதி அளித்தது, 1923இல் அணை எழுந்தது, 1934இல் அந்த நீர் வளைகுடாப் பகுதியை எட்டியது. அது சரியா தவறா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. எங்களைத் தொட்டது வேறொன்று. மலையில் சொட்டுச் சொட்டாகச் சிக்கனம் பிடித்த நாங்கள், வீட்டுக்கு வந்ததும் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு ஒன்பது நாள் பாத்திரத்தையும் கழுவினோம். அதே மலையின் தண்ணீர்! இடத்தை விட்டு வந்துவிட்டோம் என்று எண்ணியிருந்தோம், இடம் எங்களை விடவில்லை. திரும்பிப் போகாத இடம் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா என்பதே சந்தேகம்தான்.

இரண்டாவது எதிர்வாதம், "காசு கொடுத்துத்தானே தங்கினோம், சுத்தம் செய்ய ஆள் இல்லையா?" என்பது. நாம் கொடுத்த காசு தங்கிய இரவுக்கு மட்டுமே. நமக்குப் பின்னால் வருபவரின் காலைப் பொழுதை அது வாங்கித் தரவில்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் போன்றவற்றில், இராமேசுவரம் செல்லும் யாத்ரீகர்கள் காசே கொடுக்காமல் தங்கினார்கள், உண்டார்கள். இலவசமோ கட்டணமோ, சத்திரத்தில் தங்குபவர் ஒருநாளும் அதற்குச் சொந்தக்காரர் ஆவதில்லை. முன்னால் போனவருக்கும் பின்னால் வருபவருக்கும் நடுவில் நிற்பவர், அவ்வளவே.

மூன்றாவதுதான் கனமானது. "களைத்துப்போய்விட்டோம். குழந்தைகள் அழுகிறார்கள். நாளை வேலைக்குப் போகவேண்டும். வீட்டுக்குச் செய்யவேண்டியதும் கடமைதானே?" உண்மை. தருமரும் தம் அரசுக்கு உரியதைச் செய்துவிட்டே கிளம்பினார். களைத்தவரிடம் அறத்தைப் போதிப்பதில் பயன் இல்லை. எங்கள் அனுபவத்தில் இதற்கு விடை ஒன்றுதான்: கடைசி நாளின் கடமைக்கு முதல் நாளே நேரம் ஒதுக்கிவிடவேண்டும். இப்போது நாங்கள் முகாம் போடும்போது கிளம்பும் காலைக்கென்று இரண்டு மணி நேரமும், நெருப்பை அணைக்க இரண்டு காலன் தண்ணீரும் தனியாக வைத்துவிடுகிறோம். சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று தெரிந்தபின்தான் வண்டி ஏறுகிறோம். கடைசி இரவுக்கு அளவாகச் சமைக்கிறோம். மிஞ்சிய விறகை வீட்டுக்கும் கொண்டுவருவதில்லை, வீணாக எரிப்பதும் இல்லை. விறகுக்குள் ஒளிந்து வரும் வண்டுகள் ஊர்விட்டு ஊர் பரவி மரங்களைக் கொல்கின்றன. ஆகவே பக்கத்தில் புதிதாக வந்து இறங்கும் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். அவர்கள் நம் பெயரைக்கூடக் கேட்பதில்லை. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

அன்பர்களே, இது முகாமைப் பற்றிய விஷயம் மட்டும் அல்ல என்பதை இதற்குள் கண்டிருப்பீர்கள். இந்த நாட்டுக்கு வந்த நம்மில் பலரும் "இன்னும் இரண்டு வருஷம், பிறகு ஊருக்குப் போய்விடுவோம்" என்று சொல்லிக்கொண்டே இருபது, முப்பது வருடம் வாழ்ந்துவிட்டோம். எந்நேரமும் கிளம்பப் போகிறவர் மனதோடு இருந்ததால் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. நகர மன்றம் எங்கே கூடுகிறது என்று தெரியாது. வாடகை வீடுதானே என்று ஒரு கறிவேப்பிலைச் செடிகூட வைக்கவில்லை. வருஷக்கணக்காக நீண்டுபோன கடைசி நாள் அது! விசா முடிந்து உண்மையாகவே திரும்பிப் போனவர்களில் சிலரோ, வேலையை அடுத்தவருக்கு வரிவரியாக எழுதி ஒப்படைத்து, வீட்டைத் துடைத்துச் சாவி கொடுத்து, நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்கள். ஊரில் ஐந்து வருடமே இருந்தாலும் ஊருக்கு உறவானவர்கள் அவர்கள்.

நம் சங்க விழாக்களையே எடுத்துக்கொள்வோம். பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் பள்ளிக்கூட அரங்கத்தை வாடகைக்கு எடுக்கிறோம். கோலம் போட நாற்பது பேர் முன்வருகிறார்கள், பந்தி பரிமாறப் போட்டி. இரவு ஒன்பதரைக்கு நாற்காலி மடிக்க ஆறு பேர் மிஞ்சுகிறார்கள். மறுநாள் திங்கட்கிழமை காலை அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடப் போகும் குழந்தை யார் வீட்டுக் குழந்தையோ, நமக்குத் தெரியாது. அந்த மேஜையில் ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பொங்கலைத் துடைப்பது பூஜையின் கடைசி அங்கம் இல்லையா? மங்கள ஆரத்தியோடு விழா முடிந்துவிடவில்லை, அரங்கத்தின் விளக்கை அணைக்கும்போதுதான் முடிகிறது என்று நாம் எண்ணத் தொடங்கினால் ஆறு பேர் அறுபது பேர் ஆவார்கள்.

அன்று காலைக்கு ஒருமுறை திரும்புவோம். எல்லாவற்றையும் ஏற்றி முடித்து வண்டியைக் கிளப்பப்போகும் நேரத்தில் தாத்தாவைக் காணவில்லை. காலி செய்த இடத்தில், கூடாரம் இருந்த மண்ணைப் பார்த்துக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்து வண்டியில் ஏறினார்.

எங்கள் சின்னப் பையன் ஒருவன் கேட்டான்: "தாத்தா, நீங்க மறுபடி இங்கே வருவீங்களா?"

"நான் எங்கேப்பா வரப்போறேன்? யாராவது வருவாங்க இல்ல, அவங்களுக்கும் சேர்த்துச் சொன்னேன்."

ஆல்டமான்ட் மேட்டில் காற்றாலைகளைக் கடந்து லிவர்மோர் வந்ததும் சிவா விஷ்ணு ஆலயத்தில் இறங்கி வணங்கிவிட்டு, மாலை மங்கும்போது 680இல் மில்பிடாஸ் வந்து சேர்ந்தோம். அக்டோபரில் தாத்தா ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். காரியங்களுக்காகப் போன மகன் பிறகு எங்களிடம் சொன்னார்: பால்காரர் கணக்கு அந்த மாதம்வரை தீர்க்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஏணி திருப்பித் தரப்பட்டிருந்தது. கிணற்றடியில் இரண்டு தென்னங்கன்றுகள் புதிதாக நடப்பட்டிருந்தன. காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும் என்பது விவசாயியான அவருக்குத் தெரியாததல்ல.

போகிறேன் என்று சொல்லாதே என்று நம் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது அபசகுனத்துக்கு அஞ்சி மட்டுமே என்று இப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. திரும்பி வருபவன் எப்படி ஓர் இடத்தை விட்டுச் செல்வானோ அப்படி விட்டுச் செல், நீ வராவிட்டாலும் உன் இடத்தில் இன்னொருவர் வருவார் என்பதே அதன் பொருள் என்று கொள்கிறோம்.

அடுத்த விழாவில் சந்திப்போம். முடிந்தபின் நாற்காலி மடிக்கும்போதும் சந்திப்போம். போய் வருகிறோம்.